ராத்திரி படம் பார்க்க ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர்: வாங்கலாமா?

பிள்ளைகள் தூங்கி, பாத்திரம் கழுவி முடித்தால் மணி பதினொன்று. படம் பார்க்கக் கிடைப்பது அந்த நேரம்தான். சத்தத்தைக் குறைத்தால் வசனம் கேட்காது, சண்டைக்காட்சி வந்ததும் தொட்டில் குழந்தை எழுந்துவிடும். டிவியின் ஆப்டிகல் துளையில் (ஒலியை ஒளியாக வெளியே அனுப்பும் துளை) இணைத்தால், டிவி ஒலியை ப்ளூடூத் ஹெட்போனுக்கு அனுப்பும் இந்தச் சின்னக் கருவி அதற்கு அருமையான தீர்வு.

ஆனால் பெட்டியில் 'ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி' (aptX Low Latency, ஒலியைக் குறைந்த தாமதத்தில் அனுப்பும் முறை) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் தாமதம் 40 மில்லி செகண்ட் அளவில் நிற்கும், உதட்டசைவு பிசகாது. ஹெட்போனிலும் அதே வசதி கட்டாயம் வேண்டும். இரண்டில் ஒன்றில் இல்லாவிட்டாலும் சாதாரண எஸ்பிசி முறைக்கு இறங்கிவிடும். அப்போது தாமதம் 150, 200 மில்லி செகண்ட் என்று போகும்; வாய் மூடிய பிறகு வசனம் வரும். காசு கொடுத்து வாங்கியது வீண்.

மாட்டியும் சத்தமே இல்லையா? டிவியின் ஒலி, இந்தக் கருவிக்குப் புரியாத டால்பி டிஜிட்டல் வடிவத்தில் இருக்கலாம். டிவியின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' (PCM) என்ற சாதாரண வடிவத்துக்கு மாற்றுங்கள். கேபிள் முனையில் இருக்கும் கடுகளவு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றவும் பலர் மறந்துவிடுகிறார்கள். கருவிக்கு மின்சாரம் தனி 5 வோல்ட் சார்ஜரிலிருந்தே கொடுங்கள். டிவியின் யூஎஸ்பியில் கொடுத்தால், பல டிவிகளில் டிவியை அணைத்ததும் கருவியும் அணைந்துவிடும்.

தம்பதியாகப் பார்ப்பவர்கள் கவனிக்க: சில மாடல்களில் இரண்டு ஹெட்போன் இணைத்தால் தாமதம் கூடுகிறது.