பிசிஆர் கிட் வாங்கப் போறீங்களா? எங்க 18,000 போச்சு

நாங்க வாங்கின பிசிஆர் கிட் போலின்னு நேத்து ராத்திரிதான் உறுதியாச்சு. ஆத்திரம் இன்னும் அடங்கல, கோர்வையா வராது. வாங்கும்போது என்னென்ன சோதிக்கணும்னு கடைசியில எழுதறேன்.

எங்க ப்ராஜெக்ட், மாணவர் ஆய்வகத்துக்குக் குறைஞ்ச செலவுல ஒரு பிசிஆர் கருவி, அதாவது கொஞ்சூண்டு டிஎன்ஏவைப் பல மடங்கா நகலெடுக்கிற கருவி. 95 டிகிரியில டிஎன்ஏ இழை பிரியணும், 58-ல பிரைமர் (நகல் தொடங்கற இடத்துல ஒட்டுற குட்டி டிஎன்ஏ துண்டு) ஒட்டணும், 72-ல டாக் என்சைம் புது இழை கட்டணும். இப்படி 30 சுற்று. மின்சாரத்துல சூடும் குளிரும் தர்ற பெல்டியர் தகடு, அலுமினியக் கட்டி, சென்சார், கன்ட்ரோல் போர்டு இருந்தா நாமளே சேர்த்திடலாம். ஓப்பன்பிசிஆர்ங்கிற கருவியோட வடிவமைப்பு எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கு. நேரம் இல்லைன்னு, எலக்ட்ரானிக்ஸ் உதிரி பாகம் விற்கிற ஒரு ஆன்லைன் தளத்துல ரெடிமேட் கிட் பார்த்தோம். நாலு பேர் சேர்த்து வச்ச காசு, 18,000.

விற்கிறவர் போன்ல அரைமணி நேரம் பேசினார். "சூடும் குளிரும் மாறி மாறி வந்தா பெல்டியர் உள்ள சால்டர் விரிசல் விடும், அதனால நல்ல தகடா போட்டிருக்கேன்"னு அவரே சொன்னார். நான் கேட்க நினைச்சதே அதுதான். அங்கதான் விழுந்தேன். "நானும் மாணவனா கஷ்டப்பட்டவன் தம்பி, தளத்துக்கு ஏன் கமிஷன், நேரா அனுப்பிடுங்க"ன்னார். அனுப்பிட்டேன்.

கிட் வந்தது. திரையில 95, 58, 72 அச்சு மாதிரி வந்துச்சு. நகல் வந்திருக்கான்னு ஜெல்லுல ஓட்டி நீல ஒளியில பார்த்தா லேடர் (ஒப்பிட்டுப் பார்க்க ஓட்டுற அளவு டிஎன்ஏ) மட்டும்தான், மத்த எல்லா வரிசையும் காலி. மூணு வாரம்! பிரைமர் மாத்தினோம், மெக்னீசியம் அளவு மாத்தினோம், புது என்சைம் வாங்கினோம். பிபெட் பிடிச்ச ஜூனியர் பொண்ணைத் திட்டினேன். அவ ஒண்ணும் சொல்லாம திரும்பச் செஞ்சா. அவகிட்ட எந்த முகத்தோட பேசுறது?

நேத்து தண்ணி ஊத்தின குழாய்க்குள்ள தனியா ஒரு தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கிற கம்பி) விட்டோம். திரை 95, குழாய் 81. சென்சார் வயரையே பிடுங்கினோம். அப்பவும் திரை 95-க்கு ஏறுது! அது எதையும் அளக்கவே இல்ல, நேரத்துக்கு ஏத்த மாதிரி எண்ணைக் காட்டுது, அவ்வளவுதான்.

போன் பண்ணினா "நீங்க பிரிச்சுட்டீங்க, வாரண்டி கிடையாது." அப்புறம் "டெக்னீஷியன் கூப்பிடுவார்." அப்புறம் பிளாக். தளமோ "பணம் எங்க வழியா வரல"ன்னு புகாரையே மூடிட்டாங்க. 18,000-க்கு இப்ப ரசீதுகூட இல்ல.

தளத்துக்கு வெளிய பணம் அனுப்பாதீங்க. வந்த அன்னைக்கே சென்சாரைப் பிடுங்கிப் பாருங்க. குழாய்க்குள்ள தனியா அளந்து பாருங்க, திரையை நம்பாதீங்க. இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடியுது.