பாராகுவாட் 24% எஸ்.எல். களைக்கொல்லி: களை கருகும், ஆனால் வாங்கலாமா?

கிரமாக்சோன் என்ற பெயரில் 1962-ல் சந்தைக்கு வந்த மருந்து. இன்று பல கம்பெனிகள் வெவ்வேறு பெயரில் விற்கின்றன. அதனால் முன்பக்கப் பெயரைப் பார்க்காதீர்கள். பொடி எழுத்தில் 'பாராகுவாட் டைகுளோரைடு 24% எஸ்.எல்.' (எஸ்.எல். என்றால் தண்ணீரில் கரையும் திரவம்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். களை எரிப்பதில் இதற்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். ஆள் பாதுகாப்பில் பூஜ்யம்.

முதலில் வேலை. நல்ல வெயிலில் அடித்தால் சில மணி நேரத்திலேயே இலை வாடி, இரண்டு மூன்று நாளில் கருகிவிடும். அடித்து அரை மணி கழித்து மழை வந்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் பட்ட இடத்தில் மட்டுமே எரிக்கும், வேருக்கு இறங்காது. கோரையும் அருகும் சில வாரத்தில் திரும்பத் தழைத்துவிடும். உருளைக்கிழங்குக்கான லேபிள் அளவு ஹெக்டேருக்கு 2 லிட்டர். ஏக்கருக்கு 800 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில். அதாவது லிட்டருக்கு 4 மில்லி. இதற்கு மேல் ஊற்றினாலும் கோரைக் கிழங்கு சாகாது, ஆளுக்குத்தான் ஆபத்து கூடும். கலங்கல் தண்ணீரில் கலந்தால் மருந்து பாதி வேலைகூடச் செய்யாது, களிமண் துகள் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதை நினைவில் வையுங்கள், ஆஸ்பத்திரி விஷயத்தில் மறுபடி வரும்.

டப்பாவில் விஷத்தின் கடுமையைக் காட்டும் குறி மஞ்சள் முக்கோணம். மிகக் கடும் விஷத்துக்கான சிவப்புக்கு அடுத்த படிதான் என்பதால் கடைகளில் இதைச் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த நிறத்தை நம்ப முடியாது, அது எலிக்குக் கொடுத்துப் பார்த்த அளவை வைத்துப் போட்டது. மனிதருக்கு ஒரு மடக்கே உயிரைப் பறிக்கலாம். முறிவு மருந்து இன்றுவரை கிடையாது. ரத்தத்தில் கலந்த பாராகுவாட்டை நுரையீரல் செல்கள் தாமாகவே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே ஆக்சிஜனோடு வினைபுரிந்து திசுவை அரிக்கிறது, பிறகு அந்த இடம் தழும்பாக இறுகிவிடுகிறது.

இதில் ஏமாற்றுவது முதல் நாள்தான். வாய் எரிச்சல், வாந்தி. அதன்பின் ஆள் எழுந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசுவார். 'நல்லாத்தானே இருக்கார்' என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறார்கள். ஓரிரு நாளில் வாயும் தொண்டையும் புண்ணாகும், சிறுநீர் குறையும். மூச்சுத் திணறல் பல நாள் கழித்தும் தொடங்கலாம்.

ஆகவே யார் வாயிலாவது போனால், எவ்வளவு குறைவாக இருந்தாலும், உடனே 108. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உள்ளே போகும்போது எரித்த மருந்து திரும்பி வரும்போதும் எரிக்கும். டப்பாவையோ லேபிளின் படத்தையோ கையோடு கொண்டுபோங்கள். 'களை மருந்து' என்று மட்டும் சொன்னால் போதாது. பாராகுவாட் என்ற பெயரைச் சொல்லுங்கள். மற்ற விஷங்களுக்கு வழக்கமாக வைக்கும் ஆக்சிஜன் இதில் நுரையீரல் சேதத்தைக் கூட்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் இறங்கினால்தான் டாக்டர்கள் கொடுப்பார்கள். சிறுநீரில் சோடியம் டைதயோனைட் சேர்த்துப் பார்க்கும் எளிய சோதனை உண்டு, நீல நிறம் வந்தால் உறுதி. சீக்கிரம் போனால் கரித்தூளோ ஃபுல்லர்ஸ் எர்த் என்ற களிமண் பொடியோ கொடுப்பார்கள். கலங்கல் தண்ணீரில் மருந்தைப் பிடித்துவைக்கும் அதே குணம்தான் குடலிலும் உதவுகிறது. மணிக்கணக்கில் தாமதித்தால் அந்தப் பலன் போய்விடும்.

குடித்தால்தான் ஆபத்து என்று நினைப்பதும் தவறு. முதுகு டேங்கின் மூடி வாஷர் தேய்ந்து, இடுப்பு வரை ஈரம் இறங்கியபடியே நாள் முழுக்க அடித்தால் தோல் புண்ணாகும். புண்ணான தோல் வழியே மருந்து உடம்புக்குள் ஏறும். அடைத்த நாசிலை வாயால் ஊதவே கூடாது. கையுறை இல்லாமல் அளந்து ஊற்றுகிறவர்களுக்கு நகம் வெளுத்துக் கழன்று விழுவதும் உண்டு. கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள், எரிச்சல் அடங்கினாலும் போங்கள். ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கை, பூட்ஸ் எல்லாம் லேபிளில் இருக்கிறது. சித்திரை வெயிலில் அத்தனையும் மாட்டிக்கொண்டு டேங்க் டேங்காக அடிக்கக் கூலியாளிடம் சொல்வது நடக்கிற காரியமில்லை. இத்தனை கவசம் இல்லாமல் தொடக்கூடாத சரக்கை வாங்காமல் இருப்பதே மேல்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் இது கிடையாது. கேரளம் 2011-ல் தடை செய்தது. இலங்கை 2008 முதல் 2011-க்குள் படிப்படியாக நிறுத்தியது. அங்கே பூச்சிமருந்துச் சாவுகள் குறைந்தன, நெல் விளைச்சல் குறையவில்லை. வரப்புக்கும் தோப்புக்கும் பிரஷ் கட்டர், நெல்லுக்குக் கோனோ வீடர் என்ற உருளும் களையெடுப்புக் கருவி, தென்னைக்கு மூடாக்கு போதும். பதிலுக்கு குளுஃபோசினேட் என்ற வேறு களைக்கொல்லி வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும், அதுவும் உள்ளே போனால் பல மணி நேரம் கழித்து வலிப்பு வரவைக்கும்.

ஏற்கெனவே வீட்டில் டப்பா இருந்தால் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ குவார்ட்டர் பாட்டிலிலோ மாற்றி வைக்காதீர்கள். தெரியாமல் குடித்த விபத்துகளில் பல இப்படி நேர்ந்தவைதான். கடையில் சில்லறையாக ஊற்றிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மீதியை வாய்க்காலிலோ கிணற்றோரமோ கொட்டாமல், வாங்கிய டப்பாவிலேயே வைத்து, வீட்டுக்கு வெளியே பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால் அந்தப் பெட்டியும் அங்கே வேண்டாம், அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பு டேங்கிலேயே ஊற்றி, அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள்.