திருவல்லிக்கேணியில் மூன்று வருட வாடகைக் குடித்தனம்

பார்த்தசாரதி கோயில் மாட வீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் இருக்கிறோம். இங்கே வீடு தேடுகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது வாடகையை இல்லை, தண்ணீரை. எங்களுக்கு வீடு காட்டிய தரகர் "தண்ணி கஷ்டமே கிடையாது" என்று சொல்லி ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு போனார், குடிவந்த மறுநாள்தான் தெரிந்தது, கீழே அடிபம்பில் காலையில் கொஞ்ச நேரம் வரும், அதை அடித்துக் குடம் குடமாக மாடிக்குத் தூக்க வேண்டும் என்று. ஆறு மாதம் கழித்து வீட்டுக்கார மாமி மோட்டார் போட்டுக் கொடுத்தார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் விடியற்காலையில் ஒருமுறை போய்க் குழாயடியில் நின்று பாருங்கள்.

வீடு மெட்ராஸ் டெரஸ். மரக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த தளம், உயரமான கூரை, மே மாத மத்தியானத்தில்கூட உள்ளே உட்கார முடிகிறது. ஆனால் ஐப்பசி மழைக்கு ஒழுகும். ஒழுகுகிறதே என்று மேலே சிமெண்ட் பூசிவிடாதீர்கள், நாங்கள் பூசினோம், அடுத்த மழைக்குள் விரிசல் விட்டது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்த பிறகுதான் நின்றது.

கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது. வைகுண்ட ஏகாதசி அன்று பைக்கையே எங்கேயோ விட்டுவிட்டு நடந்துதான் வர வேண்டும், மற்ற நாளில் தெருவை மாடுகள் அடைத்துக்கொண்டு நிற்கும், குழந்தையைத் தனியாக அனுப்பப் பயம்.

அப்புறம் ஏன் இருக்கிறோம்? எல்லாம் காலடியில் இருக்கிறது. காய்க்கு ஜாம்பஜார், மளிகைக்கு 1904-இல் தொடங்கிய டியுசிஎஸ் கூட்டுறவுக் கடை, கடற்கரை ஸ்டேஷனுக்குப் போக வர பறக்கும் ரயில். 1948-இலிருந்து இருக்கும் ரத்னா கபேயில் இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள், காய்ச்சல் வந்து எழுந்தால் என் பையன் முதலில் கேட்பது அதைத்தான். ஞாயிற்றுக்கிழமை பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம் பார்த்துவிட்டு, துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீட்டைத் தாண்டித்தான் வீட்டுக்குத் திரும்புவேன், மூன்று வருடமாகியும் அந்த வாசலில் கால் தானாக நின்றுவிடுகிறது.

அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, படி அவ்வளவு செங்குத்து. இந்த முறை அக்ரிமெண்ட் முடிந்ததும் கீழ்த்தளமாகப் பார்க்கிறோம், இதே நாலு தெருவுக்குள்.