கதவு கழன்றதற்கு வீட்டை இடிக்கலாமா? டெஸ்க்டாப் மாற்றியபின் நின்றுபோன லினக்ஸுக்கு நான்கு வைத்தியங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் உபுண்டு, மின்ட் என்று லினக்ஸ் பக்கம் போய்ப் பார்க்கிறார்கள். உபுண்டுவோடு வரும் டெஸ்க்டாப்பான க்னோம், 4 ஜிபி ரேமில் திணறும். எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பைப் போட்டால் லேசாக ஓடும் என்று யாராவது சொல்வார்கள். சொல்வது சரிதான். அதைப் போட்ட கையோடு, இனி க்னோம் எதற்கு என்று அதை நீக்கியும் விடுவார்கள். ரீஸ்டார்ட் செய்தால் லோகோ சுற்றும், அப்புறம் கறுப்புத் திரை.

சேலத்தில் எந்த சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனாலும் அநேகமாகக் கிடைக்கும் பதில்: "ஃபார்மேட் பண்ணிடலாங்க." அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படி நின்ற கம்ப்யூட்டர் பெரும்பாலும் பூட் ஆகித்தான் இருக்கும். லினக்ஸின் மையமான கெர்னல் ஏறிவிட்டது, டிஸ்க் திறந்துவிட்டது, பின்னணிச் சேவைகளும் ஓடுகின்றன. லாகின் திரையைக் காட்டும் டிஸ்ப்ளே மேனேஜர் ஒன்றுதான் வரவில்லை. க்னோமுக்கு ஜிடிஎம்3, எக்ஸ்எஃப்சிஇ-க்கு வழக்கமாக லைட்-டிஎம், கேடிஇ-க்கு எஸ்டிடிஎம். வீடு அப்படியே நிற்கிறது, வாசற்கதவை மட்டும் கழற்றிவிட்டோம்.

கதவை மாட்ட நான்கு வழி உண்டு: கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில் போய்ச் சரிசெய்வது, சிஸ்டத்தின் நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமிக்கும் டைம்ஷிஃப்டில் பழைய நிலைக்குத் திரும்புவது, நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் பென்டிரைவிலிருந்து உள்ளே நுழைவது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவது. எது நல்லது என்பது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. சேலம் அஸ்தம்பட்டியில் ஃபைபர் லைன் உள்ள வீட்டுக்கு ஒரு பதில். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய், மொபைல் சிக்னலை ஜன்னலோரம் தேடும் ஏற்காட்டு ஹோம்ஸ்டேக்கு வேறு பதில்.

என் ஓட்டு முதலில் எழுத்துத் திரைக்கு. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் விசையும் வேண்டும். கறுப்பில் வெள்ளை எழுத்தாக லாகின் கேட்டால் பாதிக் கவலை போயிற்று. பாஸ்வேர்டு தட்டும்போது புள்ளிகூடத் தெரியாது, அது இயல்பு. உள்ளே போனதும் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே-மேனேஜர்' என்று கேட்டால் கதவு இருக்கிறதா, விழுந்ததா என்று சொல்லிவிடும். (தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகள்தான்.) இரண்டு மேனேஜர்கள் இருந்து, எது முதல் என்ற குழப்பம் என்றால் 'சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லைட்டிஎம்' (lightdm, இடையில் கோடு இல்லை) கேள்வி கேட்கும், தேர்ந்தெடுத்து ரீபூட் செய்தால் போதும். இதற்கு நெட்டே வேண்டாம். லைட்-டிஎம் இருந்தும், லாகின் பெட்டியை வரையும் கிரீட்டர் பொதி (பேக்கேஜ்) நீங்கியிருந்தால் அதுவும் கறுப்புத் திரைதான். அந்தப் பொதியைப் போட்டால் சரியாகும், சில எம்பிதான்.

எதெல்லாம் போயிற்று என்று ஊகிக்க வேண்டாம். '/var/log/apt' அடைவில் (ஃபோல்டரில்) ஹிஸ்டரி.லாக் என்ற கோப்பில் நாள், நேரத்தோடு எது ஏறியது, எது நீங்கியது என்று எல்லாம் பதிவாகியிருக்கும். 'க்னோம்' என்ற பெயருக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டு நீக்கியவர்கள் அதைப் பார்த்தால் மிரண்டுபோவார்கள். நட்சத்திரம் கண்ணில் பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு போயிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டர்களுக்கு இன்னொரு நோய் உண்டு: டெஸ்க்டாப் ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போவது. பொதிகள் பாதியில் தொங்கும். அதற்கு 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', தொடர்ந்து 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. பல நேரம் இந்த இரண்டு வரியிலேயே திரை எழுந்துவிடும்.

கம்ப்யூட்டரைத் தமிழ் மொழியிலேயே நிறுவியவர்களுக்கு ஒரு சிக்கல். லினக்ஸின் எழுத்துத் திரை அதிகபட்சம் 512 வடிவங்களைத்தான் வைத்துக்கொள்ளும், கொம்பு, கால் சேர்த்துக் கோக்கவும் அதற்குத் தெரியாது. பிழைச்செய்தி எல்லாம் கட்டம் கட்டமாக வரும். 'எக்ஸ்போர்ட் எல்ஏஎன்ஜி=சி' என்று தட்டினால் ஆங்கிலத்துக்கு மாறும் (இங்கே மட்டும் LANG=C பெரிய எழுத்துகளில்).

எழுத்துத் திரையும் வராவிட்டால் கம்ப்யூட்டர் தொடங்கும்போது எஸ்கேப் விசை, பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட். எதில் பூட் ஆவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் வரும், அதில் ரெக்கவரி மோட். என்விடியா கார்டு உள்ள கம்ப்யூட்டரில் க்ரப்பில் 'இ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்துப் பாருங்கள். இதுவும் முதல் வழியின் நீட்சிதான்.

இனி டைம்ஷிஃப்ட். ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் தம்பி கூப்பிட்டான். "அண்ணா, லேப்டாப் செத்துப்போச்சுங்க. புக்கிங் எல்லாம் அதுலதான் இருக்குது."

"எழுத்து ஏதாச்சும் வருதா?"

"அது வருதுங்கண்ணா."

நீங்கியதையெல்லாம் மறுபடி இறக்க நூற்றுக்கணக்கான எம்பி ஆகும். அங்கே அந்த சிக்னலில் அது பாதியில் அறுந்து அறுந்து வரும். அவனிடம் இருந்தது மின்ட், டைம்ஷிஃப்ட் அதோடே வருகிறது, ஸ்னாப்ஷாட்டும் எடுத்து வைத்திருந்தான். 'சூடோ டைம்ஷிஃப்ட் --ரீஸ்டோர்' என்று சொன்னேன், தேதியைத் தேர்ந்தெடுத்தான், ஒரு பைட் இறக்காமல் வேலை முடிந்தது. மலைமேல் இதற்கு ஈடு கிடையாது.

ஆனால் முன்யோசனை உள்ளவருக்குத்தான் இந்த வழி. உபுண்டுவில் இதைத் தனியாக நிறுவ வேண்டும். ஸ்னாப்ஷாட் லினக்ஸ் ஃபைல்சிஸ்டத்தில்தான் உட்காரும், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிரைவில் உட்காராது. முதல் ஸ்னாப்ஷாட் கிட்டத்தட்ட சிஸ்டம் அளவுக்கு இடம் கேட்கும். இன்னொரு குறை: உங்கள் சொந்தக் கோப்புகள் உள்ள ஹோம் அடைவை இயல்பாக அது தொடுவதில்லை. படங்கள், கணக்குகள் அப்படியே இருக்கும், அது நல்லது. பாஸ்வேர்டு கொடுத்தபின் மறுபடி லாகின் திரைக்கே வந்து விழும் கோளாறு ஹோமுக்குள் இருந்தால், எத்தனை முறை ரீஸ்டோர் செய்தாலும் போகாது. அங்கே எழுத்துத் திரைதான் ஜெயிக்கும். 'டிஎஃப் -ஹெச்' போட்டு டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹோமில் உள்ள புள்ளி எக்ஸ்அத்தாரிட்டி (.Xauthority) கோப்பு நிர்வாகியான ரூட் பெயரில் மாறியிருந்தால் 'சோன்' (chown) கட்டளையால் உங்கள் பெயருக்குத் திருப்புங்கள். புதிதாக ஒரு யூசர் உருவாக்கி அவர் உள்ளே போக முடிகிறது என்றால், குற்றவாளி பெரும்பாலும் உங்கள் புள்ளி கான்ஃபிக் (.config) அடைவு. அழிக்க வேண்டாம், பெயரை மாற்றி வையுங்கள்.

லைவ் பென்டிரைவ் எனக்கு மூன்றாம் இடம்தான். நெட்வொர்க் மேனேஜரும் சேர்ந்தே நீங்கிப்போய், எழுத்துத் திரையில் போனைக் கேபிளில் மாட்டினாலும் நெட் வரவில்லை என்றால் இது கைகொடுக்கும். 8 ஜிபி பென்டிரைவில் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை எழுதி, அதில் பூட் செய்து, உங்கள் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் இணைத்து 'சிஎச்ரூட்' செய்தால் பழைய சிஸ்டத்துக்குள்ளேயே நின்று, லைவின் நெட்டில் பொதிகளைப் போடலாம். ரிசால்வ்.கான்ஃப் கோப்பை உள்ளே கொண்டுபோக மறந்தால் நெட் இருந்தும் தளப்பெயர் கிடைக்காது. வலுவான முறைதான். ஆனால் ஐஎஸ்ஓவே மின்ட் என்றால் சுமார் 3 ஜிபி, உபுண்டு 24.04 என்றால் 6 ஜிபிக்கு அருகில். சேலத்தில் இறக்கி, யாரிடமாவது பஸ்ஸில் மேலே கொடுத்தனுப்புவது புத்திசாலித்தனம். கட்டளைகளை வைத்து அல்லாடப் பிடிக்காதவரும் இதைப் பயன்படுத்தலாம்: லைவில் பூட் செய்து, கோப்புகளை வெளி டிஸ்குக்கு நகல் எடுக்க ஐந்தாறு க்ளிக் போதும்.

அழித்துப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்து, அதை ஃபார்மேட் செய்யாமல் விடத் தெரிந்தால், சுத்தமான வேலை. கடையில் கொடுப்பதானால் டேட்டா நகலை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே விண்டோஸும் இருந்தால், 'முழு டிஸ்கையும் அழி' என்ற தேர்வின் பக்கமே போகக்கூடாது.

ஆக, ஃபைபர் உள்ள இடத்தில் எழுத்துத் திரையில் போய் 'உபுண்டு-டெஸ்க்டாப்' பொதியை மறுபடி இறக்கிவிடுவேன். மலைமேல், ஸ்னாப்ஷாட் இருந்தால் அது, இல்லாவிட்டால் ஹிஸ்டரி.லாக் பார்த்துக் காணாமல்போனதை மட்டும். இடம் இருக்கும்வரை புது டெஸ்க்டாப்பும் பழையதும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கட்டும். லாகின் திரையில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் சண்டை வராது.

திரை வந்ததும் தமிழ்99 விசைப்பலகையில் அடித்துப் பாருங்கள். க்னோமில், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் தானாக ஓடும். எக்ஸ்எஃப்சிஇ-யில் எழுத்து மாறவில்லை என்றால், ஐபஸ்-எம்17என் பொதி இருக்கிறதா என்று பார்த்து, 'ஐஎம்-கான்ஃபிக்' போட்டு ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாகவுட் செய்து வாருங்கள்.