காட்பாடிச் சாரணர் குழுவில் ஓராண்டு: செலவும் நிதியும் பயிற்சியும்

எந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் சேரக்கூடிய திறந்த சாரணர் குழு ஒன்று, காட்பாடியில் சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்குக் கூடுகிறது. என் மகனை 11 வயதில், சென்ற ஆண்டு ஜூன் மாதம் அதில் சேர்த்தேன். தங்கள் பிள்ளைகளையும் சேர்க்கலாமா என்று விசாரிக்கும் அக்கம்பக்கத்தார் முதலில் செலவைத்தான் கேட்கிறார்கள் என்பதால், நானும் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஓராண்டில் எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 4,860 ரூபாய். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சீருடைக்கே போனது.

சாம்பல் நிறச் சட்டைக்கும் கருநீலக் கால்சட்டைக்கும் வேலூர் லாங் பஜாரில் துணி எடுத்துத் தைத்ததில் 1,450 ரூபாய் ஆயிற்று. கழுத்துத் துணி, அதை இறுக்கும் வாகிள், தொப்பி, பெல்ட் ஆகியவற்றுக்கு இன்னொரு 620 ரூபாய். கறுப்புக் காலணி பள்ளிக்குப் போடுவதே போதும். வளரும் பிள்ளை என்பதால் கால்சட்டையின் அடியில் இரண்டு அங்குலம் உள்மடிப்பு விட்டுத் தைக்கச் சொன்னது நல்லதாயிற்று. இந்த ஏப்ரலில் அதைப் பிரித்துவிட்டோம். சீருடையை முதல் வாரமே தைக்க வேண்டிய அவசியமில்லை என்பதை யாராவது எங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாம். இரண்டு மாதம் வந்துவிட்டு நின்றுபோன பிள்ளைகள் சிலருடைய சீருடை இன்று பீரோவில்தான் இருக்கிறது.

ஆண்டுக் கட்டணம் 300 ரூபாய். அது தவிர, வாரச் சந்தா பத்து ரூபாயை ஒவ்வோர் அணியின் தகர உண்டியிலும் பிள்ளைகளே போட்டு, அணித் தலைவனான சிறுவன் தேதியுடன் நோட்டில் எழுதிவைக்கிறான். சாரணர் சட்டத்தின் ஒன்பது விதிகளில் எட்டாவது சிக்கனத்தைப் பற்றியது. அந்த விதியை மனப்பாடமாக ஒப்பித்ததைவிட, மாதக் கடைசியில் உண்டியைத் திறந்து எண்ணும்போது இருபது ரூபாய் குறைந்து, அது எங்கே போயிற்று என்று ஆறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டித் தேடியதில்தான் என் மகன் கணக்கு என்றால் என்னவென்று தெரிந்துகொண்டான். ஒரே வாரத்தில் இருவருடைய பெயருக்கு எதிரே பணம் வாங்காமலே டிக் போட்டிருந்தது அந்தத் தேடலில் தெரியவந்தது.

குழு நிதி திரட்டும் விதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது காரி கமாய். நேர்மையாக உழைத்துச் சம்பாதிப்பது என்பது அந்த இந்திச் சொற்களின் பொருள். பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950 நவம்பர் 7 அன்று உருவானது. அந்த நாளை ஒட்டிய வாரத்தில் எங்கள் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று பழைய நாளிதழ்களைச் சேகரித்தார்கள். இலவசமாக வாங்கி வருவதில்லை. வாசலைப் பெருக்கிக் கொடுப்பது, இரு சக்கர வாகனத்தைத் துடைத்துக் கொடுப்பது என ஏதாவது ஒரு வேலையைச் செய்துவிட்டே வாங்க வேண்டும் என்பது ஆசிரியரின் கண்டிப்பு. என் மகனின் அணி 11 வீடுகளில் சேர்த்த 62 கிலோவை, பழைய பேப்பர் கடையில் கிலோ 13 ரூபாய்க்குப் போட்டு 806 ரூபாய் கொண்டுவந்தது. கடைக்காரர் முதல் கட்டைத் தராசில் வைத்ததும், முள் நிற்கும் முன்பே எடை சொல்லிவிட்டார் என்று ஒரு சிறுமி மறுபடி நிறுக்கச் சொன்னாளாம். அவரும் கோபித்துக்கொள்ளாமல் நிறுத்துக் காட்டியிருக்கிறார்.

அதே குழு டிசம்பரில் நாட்காட்டி விற்ற விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைக்கு 20 என்று முன்கூட்டியே அச்சடித்து, ஒன்றுக்கு 60 ரூபாய் விலை வைத்து, விற்காமல் நிற்பதற்குப் பெற்றோர் பணம் கட்ட வேண்டும் என்று கடைசியில் தெரிவித்தார்கள். என் மகன் 11 விற்றான். மீதி ஒன்பதுக்கு 540 ரூபாய் நான் கட்டினேன். பொங்கல் கழிந்த பிறகு நாட்காட்டியை யாரிடம் விற்பது? எனக்கு அந்தத் தொகை பெரிய சுமையில்லை. ஆனால் அவனுடைய அணியில் ஒரு சிறுவன், பதினான்கு நாட்காட்டிகள் மீந்துவிட்டதைத் தந்தையிடம் சொல்லப் பயந்து மூன்று வாரம் பயிற்சிக்கே வரவில்லை. குழந்தையின் தலையில் கடனை ஏற்றிவிட்டு அதை நிதி திரட்டுதல் என்று சொல்லக்கூடாது என்று பிப்ரவரியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். இனி முன்பதிவு வாங்கிய பிறகே, பதிவான எண்ணிக்கைக்கு மட்டும் அச்சடிப்பது என்று முடிவானது. அந்தச் சிறுவனுடைய பாக்கியையும் குழுவே தள்ளுபடி செய்துவிட்டது.

திரட்டிய பணம் எங்கே போகிறது என்பதற்குப் பதில் ஏலகிரி முகாமில் கிடைத்தது. இரண்டு இரவுகள் தங்குவதற்குத் தலைக்கு 1,200 ரூபாய். வேன் வாடகை, இடத்திற்கான கட்டணம், மளிகை என ஒவ்வொன்றின் ரசீதும் திரும்பி வந்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. மூன்று பிள்ளைகளுக்கான தொகையில் பாதியைக் காரி கமாய் நிதி ஏற்றுக்கொண்டது என்ற வரியும் அதில் இருந்தது. பெயர்கள் இல்லை. யார் அந்த மூவர் என்று என் மகனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பெற்றோரில் நான்கு பேர் துணைக்குப் போகலாம் என்பதால் நானும் உடன் போயிருந்தேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிவதற்குள் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் மேலே போய் இறங்கிய ஒரு மணி நேரத்தில் கூடாரங்கள் எழுந்து நின்றன. மூன்று கோல்களைச் சேர்த்து முக்காலி கட்டும்போது, கிளவ் ஹிட்ச் முடிச்சில் தொடங்கிக் கோல்களுக்கு இடையே கயிற்றை நெய்து, கடைசியில் குறுக்கே சுற்றி இறுக்குவதை அவர்கள் பேச்சின்றிச் செய்தார்கள். சமையலும் பிள்ளைகளுடையதே. விறகடுப்பில் ஏற்றும் முன், பாத்திரத்தின் அடிப்புறத்தில் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து என் மகன் பூசுவதைப் பார்த்தேன். கரி பிடிக்காமல் இருப்பதற்காக என் பாட்டி பொன்னையில் செய்துகொண்டிருந்த அதே வேலை. அதை அவனுக்கு நான் ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை. இலவம்பாடி முள் கத்தரிக்காயைப் போட்டு அவர்கள் வைத்த சாம்பாரில் உப்பு சற்றுத் தூக்கலாகவே இருந்தது, மிச்சமில்லாமல் தீர்ந்தது.

முதலுதவி, திசைகாட்டி, வரைபடம் பார்த்தல் ஆகியவை வழக்கமான பயிற்சிகள். ஒரு சனிக்கிழமை இரவு காவலூர் வானாய்வகத்துக்கு 350 ரூபாயில் அழைத்துப் போய்வந்தார்கள். 93 அங்குலத் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்தவன் இரண்டு நாள் வேறு எதையும் பேசவில்லை.

குறை என்று பார்த்தால், 34 பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இரண்டே பேர். ஒருவர் விடுப்பில் போனால் அன்றைய பயிற்சி வெறும் விளையாட்டாக முடிந்துவிடுகிறது. மே மாத வெயிலில் நான்கு மணிக்குத் திறந்த மைதானத்தில் அணிவகுப்பு வைப்பதும் சரியில்லை. வேலூர் வெயில் ஐந்தரைக்கு முன் இறங்குவதில்லை என்பது ஊருக்கே தெரியும். நேரத்தை மாற்றக் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.

வரும் ஜூனில் ஏழு வயது மகளை, சிறுமியருக்கான நீலப்பறவையர் பிரிவில் சேர்க்கிறோம். அவளுக்குச் சீருடை தைக்கக் கொடுக்கவில்லை. ஒரு மாதம் வந்து பார்க்கட்டும், பிறகு தைக்கலாம் என்று இந்த முறை ஆசிரியையே சொல்லிவிட்டார்.