வீட்டில் வைக்கும் ரைஃபிளுக்கு ரெட் டாட்டா, பிரிஸம் சைட்டா?

அமெரிக்காவில் துப்பாக்கி என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது விசா பற்றித்தான். அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒருசில விலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்கும் முன் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு இருந்தால் துப்பாக்கி வாங்கக் கடையில் நிரப்பும் ஃபெடரல் படிவமான 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் மற்றவர்களைப் போலவே வாங்கலாம். நான் இருப்பது டெக்சஸ். கலிஃபோர்னியா, நியூ ஜெர்ஸி, நியூயார்க் ஆட்களுக்கு ரைஃபிளில் எதை மாட்டலாம், எதை மாட்டக்கூடாது என்பதற்கே தனிச் சட்டம் இருக்கிறது. அவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏ.ஆர்-15 ரைஃபிள் வாங்கியாயிற்று. அதில் என்னென்ன மாட்டுவது? கடையில் காட்டுகிற சாமான்களை எல்லாம் வாங்கினால் ரைஃபிள் விலையைத் தாண்டிவிடும். வீட்டுக் காவலுக்கு என்று பார்த்தால் வேண்டியவை நான்குதான்: குறி பார்க்க ஒரு சைட், ஒரு லைட், தோள்வார், பூட்டு. தோள்வாரில் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு முனையிலும் மாட்டுகிற சாதாரண வார் போதும். பிள்ளையைத் தூக்கவும் அவசர உதவி எண்ணான 911-க்கு போன் போடவும் கை காலியாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அது. மண்டையைக் குடைவது சைட்.

ஒரு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப்பை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிட்டேன். மவுண்டோடு சேர்த்து அரைக் கிலோவுக்கு மேல் போகும். நம் வீட்டு ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஆறு மடங்கு பெரிதாக்கிப் பார்க்க என்ன இருக்கிறது?

மிச்சம் மூன்று: கண்ணாடியில் சிவப்புப் புள்ளி ஒளிரும் ரெட் டாட், லேசரால் குறி காட்டும் ஹோலோகிராஃபிக், குறியைக் கண்ணாடியிலேயே செதுக்கிய பிரிஸம். நான் மாட்டியிருப்பது பிரிஸம். காரணம் இரண்டு, பேட்டரியும் என் கண்ணும்.

பேட்டரியை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறேன் என்றால், வாராவாரம் ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு, போகிற ரைஃபிளும் வீட்டுக் காவலுக்கு வைக்கிற ரைஃபிளும் ஒன்றல்ல. ரேஞ்சில் பேட்டரி போனால் பையில் இருக்கும் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் வைப்பது மாதக்கணக்கில் பூட்டுக்குள் கிடக்கும். எடுக்க நேர்ந்தால் நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், கண்ணாடியைத் தேடக்கூட நேரமில்லாமல் எடுப்போம். அதனால் ஒவ்வொரு சைட்டையும் ஒரே கேள்வியால் அளந்தேன்: இரண்டு வருஷம் மறந்தே போனாலும் எடுத்தவுடன் வேலை செய்யுமா?

இந்தக் கேள்வியில் ரெட் டாட் நன்றாகவே தேறுகிறது. ஸ்வீடன் கம்பெனியான எய்ம்பாயிண்டின் டி-2 ஒரே ஒரு சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியில் 50,000 மணி நேரம் ஓடும் என்கிறார்கள். அணைக்காமலே ஐந்தரை வருஷத்துக்கு மேல். விலைதான் ரைஃபிள் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதே கம்பெனியின் பி.ஆர்.ஓ மாடல் கிட்டத்தட்ட பாதி விலை. 30,000 மணி நேரம், அதாவது மூன்று வருஷத்துக்குச் சற்று மேல். ஆனால் அதற்குப் போடும் டி.எல்.1/3என் பேட்டரியைப் பக்கத்து மளிகைக் கடையில் எதிர்பார்க்காதீர்கள், ஆன்லைனில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஹோலோசன், சிக் ரோமியோ5 போன்றவை 150 டாலர் சுமாருக்கே கிடைக்கின்றன. அசையாமல் கிடந்தால் தானாக அணைந்து, கையில் எடுத்ததும் விழித்துக்கொள்ளும் வசதி ரோமியோ5-இலும் ஹோலோசனின் பல மாடல்களிலும் உண்டு. பணம்தான் கணக்கு, கண்ணில் குறையில்லை என்றால் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டு ஒன்றை வாங்கிவிடலாம்.

ஹோலோகிராஃபிக் என்றால் நடைமுறையில் ஈஓடெக். நண்பருடையதை ரேஞ்சில் சுட்டுப் பார்த்ததோடு சரி, சொந்தமாக வைத்துக்கொண்டு பழகியதில்லை. பெரிய வட்டமும் நடுவில் சின்னப் புள்ளியுமாக, கண் தானாகவே நடுவுக்குப் போகிறது. வேகத்தில் மூன்றிலும் அதுதான் முதல் என்று அன்று தோன்றியது. 2015-இல் அதன் அப்போதைய தாய்க் கம்பெனி எல்-3, குளிரிலும் வெயிலிலும் குறி விலகுகிறது என்பதை மறைத்ததாக எழுந்த வழக்கில் அமெரிக்க அரசுக்கு 2.56 கோடி டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது. அது பழைய கதை, ஏர்கண்டிஷன் போட்ட வீட்டுக்குள் அது பெரிய விஷயமும் இல்லை. எனக்கு இடித்தது வேறு. சி.ஆர்.123 பேட்டரி போடும் ஈ.எக்ஸ்.பி.எஸ் மாடல் சுமார் 1,000 மணி நேரம்தான் ஓடும். வகுத்துப் பாருங்கள், 41 நாள். அதனால்தான் எட்டு மணி நேரத்தில் தானே அணைந்துகொள்கிறது. அப்படியானால் எடுக்கும்போது பட்டனைத் தேடி அழுத்த வேண்டும். இருட்டில், பதற்றத்தில் இன்னும் ஒரு வேலை.

இப்போது கண். கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ என்று ஒரு எண் எழுதியிருந்தால், அதாவது அஸ்டிக்மாடிசம் இருந்தால், இதைக் கவனியுங்கள். ரெட் டாட்டில் நாம் பார்ப்பது ஒரு எல்.ஈ.டி வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்புவது. சிலிண்டர் பவர் உள்ளவருக்கு அது புள்ளியாகத் தெரியாது. நட்சத்திரமாகவோ, வால் வைத்த காற்புள்ளியாகவோ, சிதறின திராட்சைக் கொத்தாகவோ தெரியும். என் கண்ணுக்கு அது கடைசி ரகம். கடையிலேயே சோதித்துவிடலாம்: சைட்டுக்குப் பின்னால் போன் கேமராவைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்து, உங்கள் கண்ணுக்கு மட்டும் சிதறினால் சைட்டில் கோளாறு இல்லை. பிரகாசத்தைக் குறைத்தால் கொஞ்சம் அடங்கும். கண்ணாடி போட்டாலும் பலருக்குச் சரியாகிவிடும், ஆனால் கண்ணாடியைத் தேடாமல் எடுக்கும் நேரத்துக்குத்தானே இவ்வளவு யோசனையும்.

பிரிஸம் சைட்டில் குறி வெளிச்சத்தால் ஆனது அல்ல, கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டது. ஹூஸ்டன் கம்பெனியான பிரைமரி ஆர்ம்ஸ் பெரிதாக்காத, ஒரு மடங்கு மைக்ரோபிரிஸத்தை 250 டாலர் சுமாருக்கு விற்கிறது. நான் வைத்திருப்பது அந்த வகைதான். பேட்டரி இருந்தால் குறி ஒளிரும், செத்துப் போனால் கறுப்பாக நிற்கும், ஆனால் எங்கும் போய்விடாது. கண்ணருகே இருக்கும் வளையத்தைத் திருப்பி என் பார்வைக்குத் தக்கபடி குறியைக் கூர்மையாக்கிக்கொள்ள முடிகிறது. கண்ணாடி இல்லாமலே கோடுகள் பிசிறில்லாமல் தெரிகின்றன.

குறையும் சொல்ல வேண்டும். ரெட் டாட்டில் தலையை எப்படி வைத்தாலும் புள்ளி தெரிந்தால் போதும். பிரிஸத்தில் கண் ஏறத்தாழ சரியான தூரத்தில், நேராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓரம் கறுத்துவிடும். கட்டிலுக்குப் பின்னால் குனிந்து, கோணலாகப் பிடித்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. இன்னொன்று, பேட்டரி செத்த பிறகு நிற்கும் கறுப்புக் குறி இருட்டறையில் இருட்டோடு இருட்டாகிவிடும். பின்னால் வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும்.

அதனால்தான் லைட். உண்மையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சைட்டை விட்டுவிட்டு லைட்டை வாங்குங்கள், ரைஃபிளில் சாதாரண இரும்பு சைட் இருந்தால் அதுவே போதும். எதிரே நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா என்று தெரியாமல் விரல் அசையக்கூடாது. ஸ்ட்ரீம்லைட் புரோடாக் எச்.எல்-எக்ஸ் 1,000 லூமென், 150 டாலர் சுமார். இரண்டு சி.ஆர்.123 பேட்டரியிலும் ஓடும், சார்ஜ் செய்யும் 18650-இலும் ஓடும். ஷூர்ஃபயர் இன்னும் உறுதியானது என்கிறார்கள், விலை இரண்டு மடங்கைத் தாண்டும். இங்கேயும் அதே கணக்குதான்: சி.ஆர்.123 பத்து வருஷம் வரை சும்மா கிடந்தாலும் தாங்கும், 18650-ஐ நினைவு வைத்து சார்ஜ் போட வேண்டும். நான் போட்டிருப்பது சி.ஆர்.123. பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடாதீர்கள், சூடேறி வெடிக்கக்கூடியவை. அப்புறம், துப்பாக்கி லைட்டால் தேடுவது என்றால் துப்பாக்கியை நீட்டித் தேடுவது. தேடுவதற்குக் கட்டிலருகே தனி டார்ச் வேண்டும்.

சி.ஆர்.2032 வாங்கும்போது ஒரு சின்ன விஷயம். குழந்தைகள் விழுங்காமல் இருக்கச் சில கம்பெனிகள் மேலே கசப்புப் பூச்சு பூசுகின்றன. பூச்சு இருந்தால் சில கருவிகளில் மின்தொடர்பு சரியாகப் படாது. சாவி, பை தொலையாமல் காட்டும் ஏர்டேகுக்கு ஆப்பிளே இதைச் சொல்லியிருக்கிறது. சைட்டுக்குப் பூச்சில்லாததாகப் பார்த்து வாங்குங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கடைசியாகப் பூட்டு. பிஸ்டல் வாங்கினால் கடைக்காரர் பூட்டு கொடுத்தே ஆக வேண்டும். ரைஃபிளுக்கு ஃபெடரல் சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் டெக்சஸில், சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்குப் போகும்படி அலட்சியமாக விட்டால் குற்றம் நம் மேல். கைரேகைப் பூட்டு பார்க்க அழகு. 2023 அக்டோபரில் ஃபோர்ட்ரஸ் கம்பெனியின் கைரேகைப் பெட்டிகள் சுமார் 61,000 திரும்பப் பெறப்பட்டன. கைரேகை பதியாத நிலையில் யார் விரல் வைத்தாலும் திறந்துகொண்டதுதான் காரணம்; 12 வயதுப் பையன் ஒருவன் இறந்திருந்தான். அதோடு இதற்கும் பேட்டரி வேண்டும். ஐந்து பட்டன் கொண்ட மெக்கானிக்கல் பூட்டுக்கு எதுவும் வேண்டாம், இருட்டில் விரலால் எண்ணியே திறக்கலாம். அதன் பலவீனம், மொத்தம் அமையக்கூடிய எண் வரிசைகள் ஆயிரத்துக்குச் சற்று மேல்தான். கோடை விடுமுறையில் பொழுது போகாத ஒரு பையன் பொறுமையாக உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடுவான். அதனால் பெட்டியைப் பிள்ளைகள் போகாத இடத்தில் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கி, வாங்கும்போது வரும் எண்ணை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.