14416: பஸ்ஸில் படபடப்பு வரும் என்னைப் போன்றவர்களுக்கு

காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். போனிலேயே மனநல ஆலோசனை தரும் மத்திய அரசின் டெலி மானஸ் திட்டத்தின் எண் இது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என்றால் பலருக்குத் தெரியும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஷிப்மென்ட் நெருங்கினால் போதும், அவிநாசி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும், இதோ உயிர் போகப்போகிறது என்றிருக்கும். ஈசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல். ஒரு தனியார் கிளினிக்கில் "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆகாமல் இருப்பது எப்படி என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

14416-இல் பேசிய பெண் அதைச் சொன்னார். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, விரல் மரப்பும் தலைசுற்றலும் அதனால்தான், பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு மெல்ல இறங்கிவிடும் என்றார். "நாலு எண்ணி இழுங்க, ஆறு எண்ணி மெதுவா விடுங்க" என்று போனிலேயே எண்ணி என்னையும் செய்ய வைத்தார். தூக்கம், டீ, வீட்டு நிலவரம் எல்லாம் விசாரித்தார். "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்றும் நேராகவே கேட்டார். சுற்றி வளைக்காமல் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதல். கடைசியில் அரசு மருத்துவமனையின் மனநல ஓ.பி.க்குப் போகச் சொன்னார்.

வாராவாரம் ஒரே ஆளிடம் உட்கார்ந்து பேசும் சிகிச்சைக்கு போன் ஈடாகாது. அது எனக்கு ஓ.பி.யில்தான் கிடைத்தது. பஸ்ஸைத் தவிர்க்கத் தவிர்க்க பயம் வளரும் என்று அங்கிருந்த உளவியலாளர் விளக்கினார். முதலில் கூட்டமில்லாத நேரத்தில் ஒரே ஒரு ஸ்டாப், பழகியபின் இரண்டு, அப்புறம் காலை நெரிசல் என்று படிப்படியாக ஏற வைத்தார். படபடப்பு வந்தாலும் பாதியில் இறங்கக் கூடாது, தானாக அடங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

கவலைப்படுவதற்கென்றே சாயங்காலம் கால் மணி நேரம் ஒதுக்கச் சொன்னார். பகலில் வருகிற கவலையை நோட்டில் ஒரு வரி எழுதி ஒத்திவைக்க வேண்டும். 'கன்டெய்னர் லேட்டானால் என்னைத்தான் வேலையை விட்டு எடுப்பார்கள்' என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் 'ஆதாரம்?' என்று ஒரு கட்டம். அதில் எழுத எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. கூடவே மதியத்துக்கு மேல் டீயை நிறுத்தினேன், தூக்கம் தேவலை.

நெஞ்சுவலி முதல் தடவை வருகிறதென்றால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், இதயத்தைப் பார்த்தபின் 14416. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், மருந்தின் பெயரைச் சரியாகச் சொல்ல வசதியாக இருக்கும்.